‘கூட வந்தவன்’ என்ற பேர் எங்கிருந்து வந்தது

அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் கழுத்தைச் சுற்றி நெல்லுச் சுணை கடிக்கிறது. அந்தச் சொறி உங்களுக்கு என்னத்துக்கு? பாட்டைக் கேட்டோம், தலையை ஆட்டினோம், போனோம் என்று இருக்கக் கூடாதா? அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று அடுத்த வீட்டுச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கிற ஆட்களைப் போல, பேர் எங்கிருந்து வந்தது, யார் வைத்தது என்று வந்து நிற்கிறீர்கள். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அந்த அஞ்சு வகுப்பிலும் பாதி நாள் எருமைக் கன்றுக்குப் பின்னால் ஓடியதில் போனது. என்னைப் பிடித்து எழுதச் சொன்னவனுக்கும் வெட்கம் இல்லை, எழுத உட்கார்ந்த எனக்கும் இல்லை. வாசிக்கப் போகிற உங்களுக்காவது இருக்கிறதா என்று பார்ப்போம்.

என்னை எழுதச் சொன்னவன் தனு, என் மகளின் மகன். அவனும் நான்கு சிநேகிதர்களும் கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்னறையை அடைத்துக்கொண்டு ‘ரொக்’ என்று ஒன்றை அடிக்கிறார்கள். அவர்கள் அடிக்கத் தொடங்கிய பிறகு எங்கள் கோழிகள் வேலிக்கு அப்பால் போய் முட்டையிடுகின்றன. அந்த அடியை எல்லாம் ஒன்றாகக் கட்டி ஓர் ‘அல்பம்’ போட்டு, அதற்குக் ‘கூட வந்தவன்’ என்று பேர் வைத்து, அட்டையில் ஓட்டை போட்ட ஒரு தகரத் துண்டின் படத்தையும் போட்டுவிட்டான். பேரை அவன் யோசித்துப் பிடிக்கவில்லை. பனி கொட்டுகிற தேசத்தில் இருக்கும் என் சின்ன மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு போன் எடுப்பார். ஊர்ப் புதினம் எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப் போகும்போது, “கூட வந்தவன் வந்தவனா புள்ள?” என்பார். “வரல்ல மாமா” என்பேன். அதோடு வைத்துவிடுவார். இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் தனு. சின்னவனாக இருந்தபோது அது ஏதோ காணாமற்போன பூனை என்று நினைத்து, வாசலில் பால் வைத்திருக்கிறான்.

பூனை இல்லை என்று அவனுக்குச் சொன்னதை இப்போது உங்களுக்கும் சொல்லித் தொலைக்கிறேன்.

அப்போது நாங்கள் வாவிக்கு மறு கரையில், மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்தோம். எனக்குப் பத்து வயதோ பதினொன்றோ. அப்பா, போடியார் என்கிற ஒரு நிலச் சொந்தக்காரரின் வயலைப் பொறுப்பெடுத்து ஆட்களை வைத்து வேலை செய்விக்கிற ‘முல்லைக்காரன்’. யுத்தம் நடந்த காலம் அது; உழவு மெசினுக்கு எண்ணெய் கிடையாது. அதனால் சூடு மிதித்து நெல்லை உதிர்க்க மறுபடியும் எருமைகளைத்தான் களவெட்டி என்கிற களத்துக்குள் இறக்கினார்கள். வைக்கோல் மேல் எருமைகள் சுற்றிச் சுற்றி நடக்கும் ஓசை, ஈரத் துணியை யாரோ மெதுவாகப் பிழிகிற மாதிரி இருக்கும். கச்சான் காற்று அடித்தால் சுணையும் தூசியும் எழும்பும். ஆண்கள் எல்லோரும் துவாயால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நடப்பார்கள். யார் யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

நெல் குவிகிற இடத்தைச் சுற்றிப் பூதங்கள் காது கொடுத்துக்கொண்டு நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாயில் வருவதைக் கேட்டு நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். ஆகவே களத்துக்குள் போகிறவர்கள் வீட்டுப் பேச்சைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டுத்தான் போவார்கள். ஓலைப் பெட்டியைக் கடகம் என்று சொல்லக்கூடாது, ‘பெருவாயன்’ என்று சொல்ல வேண்டும். நெல் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று எண்ணக்கூடாது, ‘லாபம்’ என்று தொடங்க வேண்டும். ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நிற்கிற ஆட்களை எண்ணக் கூடாது. களத்துக்குள் வந்து கை கொடுக்கிறவனை நீ யார் என்று கேட்கவே கூடாது. பெண்பிள்ளைகள் அந்த வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. நான் மருத மரத்தடியில் சோற்றுக் கடகத்தோடு, மன்னியுங்கள், பெருவாயனோடு உட்கார்ந்திருப்பேன். என் வாய்க்கும் அந்தப் பேர் பொருந்தும் என்று சின்ன மாமா சொல்வார்.

பூதத்தை விட உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு இன்னும் ஒரு கூட்டம் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகும் வழியில் இருந்தது. ஊர் எல்லையில் ஆமிக்காரர் ஒரு ‘சென்றி’, காவல் சாவடி, போட்டிருந்தார்கள். காலையில் வயலுக்குப் போகிற ஆண்கள் ஒவ்வொருவருக்கும் ஓட்டை போட்ட ஒரு தகரத் துண்டு கொடுப்பார்கள். பொழுது சாயும்போது ஒரு தலைக்கு ஒரு தகரம் என்று திருப்பி வாங்குவார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தகரம் கிடையாது. எங்களை ஆளாகவே சேர்க்கவில்லை. என் வாழ்க்கையில் யாரும் செய்த அவமரியாதைக்கு நான் நன்றி சொல்வது அந்த ஒன்றுக்குத்தான். அதற்கு முன்னால் ஒரு தரம் வேறொரு கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. அன்றைக்குக் கூட்டிப் போயிருந்த முல்லைக்காரனை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். கனகாலம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தபோது, அவருடைய சொந்தப் பிள்ளை அவரைக் கண்டு பயந்து கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. அந்தப் பிள்ளை என்னோடு படித்தவள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. அந்த வயதுப் பொடியன்களை ஒரு பக்கத்தார் வா என்று கேட்டார்கள், மற்றப் பக்கத்தார் எங்கே என்று தேடினார்கள். இரண்டு பேருக்கும் கொடுக்க அம்மாவிடம் ஒரு தம்பிதான் இருந்தான். வாவியால் தோணியில் அக்கரைக்குக் கடத்தி, அங்கிருந்து ஒரு சொந்தக்காரர் கொழும்புக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. தோணி வருகிற இடம் எங்கள் வட்டைக்குக் கீழே, வாவிக்கரைக் கண்டல் காட்டு ஓரம். அன்றைக்கு விடியற்கால வெள்ளாப்பில் அம்மா சோறு கட்டிக்கொண்டிருந்தபோது நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தோணிக்காரன் இண்டைக்கு விட்டா மறுகா வரமாட்டானாம். தம்பி போகட்டும்” என்றார் அப்பா.

“அவன் போறது சரி. பின்னேரம் ஆள் குறைஞ்சா உங்களை மறிப்பானுகளே.”

“அத நான் பார்க்கிறன்.”

“என்னத்தப் பார்க்கிற நீங்க?”

“நீ சோத்தக் கட்டு.”

அம்மா சோற்றைக் கட்டினார். அவர் கட்டிய முடிச்சு அன்றைக்கு அவிழவே மாட்டேன் என்றது.

ஆறு பேர் ஆறு தகரத்தோடு சென்றியைத் தாண்டிப் போனார்கள். உச்சி வேளைக்குச் சாப்பிட மரத்தடிக்கு வந்தார்கள். மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு களத்துக்குத் திரும்பியதும் சின்ன மாமா என் பக்கத்தில் குந்தினார். கழுத்தில் கிடந்த தகரத்தைக் கழற்றி என் பாவாடை முடிச்சுக்குள் வைத்தார்.

“இத அப்பாட்டக் குடு கிளி.”

“எங்க மாமா போறீங்க?”

“எருமைக்குப் பொண்ணு பார்க்க.”

“எருமைக்கா, உங்களுக்கா?”

“ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுலதான் கேட்டிருக்கு. அமையிறது எவனுக்கெண்டு பார்ப்பம்.” எழும்பினார். “நான் கிறுகிப் பார்க்க மாட்டன். நீயும் பார்க்காத, என்ன.”

வரம்பில் நடந்து, கண்டல் இலைகளுக்குள் புகுந்து, இல்லாமல் போனார். சொன்னபடி திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பார்க்காதே என்று சொன்னால் பார்ப்பதற்குத்தானே கண்.

தகரம் என் இடுப்பில் கிடந்து சுட்டது. அதை அப்பாவின் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கொடுக்காமல் விட்டாலும் அதேதான் நடக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் அது என் மடியில் கிடக்கும்வரை அப்பா இன்னும் யாருக்கும் ஈடாகவில்லை என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அதனால் எழும்பாமல் இருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது. கச்சான் சட்டென்று நின்றால் வட்டை முழுவதும் காது அடைத்தது மாதிரி ஆகிவிடும். மரத்தின் நிழல் மரத்தின் காலடிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. எருமைகள் சுற்றிக்கொண்டிருந்தன, அவற்றுக்குப் பின்னால் துவாய் சுற்றிய ஆண்கள். என் விரல் தானாக நீண்டு எண்ணத் தொடங்கியது.

ஐந்து இருக்க வேண்டும். ஆறு இருந்தது.

“புள்ள, விரல மடக்கு.” களத்துக்குள்ளிருந்து அப்பாவின் குரல். கோபம் இல்லை. தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை எழுப்பாமல் பேசுகிற குரல்.

மடக்கிக்கொண்டேன். ஆனால் கண்ணை எப்படி மடக்குவது? கடைசியாக நடந்தவன் மற்றவர்களைவிட மெதுவாக நடந்தான். அவன் பக்கத்தில் வந்தபோதெல்லாம் எருமைகள் வட்டத்தை ஒடுக்கி உள்ளே நகர்ந்தன. “பொலி, பொலி” என்று ஆண்கள் குரல் கொடுத்தார்கள். எல்லோரும் சொல்லி முடித்து, வாய் மூடிய பிறகு, இன்னும் ஒரு “பொலி” வந்தது. கிணற்றுக்குள் பேசினால் மேலே எப்படிக் கேட்குமோ அப்படி. தனுவின் பொடியன்கள் அந்தச் சத்தத்தை மெசினில் செய்து பார்த்திருக்கிறார்கள். பாவம், நல்லாத்தான் செய்திருக்கிறார்கள். அது அப்படி இல்லை.

பிறகு அவன் வட்டத்தை விட்டு என் பக்கமாக வந்தான். களத்தின் ஓரத்தில், வைக்கோல் முடிகிற இடத்தில் நின்றான். அவன் நின்ற இடத்து வைக்கோல் கறுத்துக்கொண்டு வந்தது; காலிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில், சுணைத் தூசிக்குள், எங்கிருந்து தண்ணீர்? கண்டல் அடிச் சேற்றின் மணம் அடித்தது. கையை நீட்டினான்.

“அப்பாட்டத்தான் குடுக்கச் சொன்னவர்” என்றேன். என் வாய்தான் பேசியது. நான் எங்கோ தூரத்தில் நின்றேன்.

கை நீட்டினபடியே இருந்தது. அப்பா எருமைகளை மறித்தார். களத்தில் நின்ற மற்ற நான்கு பேரும் எருமை வாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்; வாலில் அவ்வளவு பார்க்க என்ன இருந்ததோ. அப்பாவின் கண் அவனுடைய முதுகில் இருந்தது. அவருக்கும் அவன் யார் என்று தெரியவில்லை என்பது எனக்கு விளங்கியது. வேறு எந்த இடமாக இருந்தாலும் கேட்டிருப்பார். களத்தில் கேட்க முடியாது. பேர் சொல்லவும் முடியாது, பேர் இருந்தால்தானே. அப்பா மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“கூட வந்தவனுக்குக் குடு” என்றார்.

அந்தப் பேர் வந்த இடம் அதுதான். வேறு எதையும் தோண்டாதீர்கள்.

முடிச்சை அவிழ்த்துத் தகரத்தை அந்தக் கையில் வைத்தேன். விரல் என் விரலில் பட்டது. செத்தவனின் கை மாதிரி இருந்ததா என்று தனு கேட்டான். செத்தவனின் கையைப் பிடித்துப் பார்த்த பழக்கம் அப்போது எனக்கில்லை. பிற்காலத்தில் பிடித்திருக்கிறேன், அதைவிட இது சூடாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நனைந்து ஊறி, நுனி விரல்கள் சுருங்கி இருந்தன. நகத்துக்குள் சேறு. அவ்வளவுதான் கண்டேன். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, நானே வியக்கும்படி.

பொழுது சாய வண்டியில் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால். எங்களுக்குப் பின்னால் வண்டி, அதற்குப் பின்னால் மற்றவர்கள். களத்திலிருந்து நெல்லோடு வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்பாவின் உள்ளங்கை வியர்த்து என் கை வழுக்கிக்கொண்டே இருந்தது. காய்ந்த மணலில் எல்லாக் காலும் சரசரக்க, ஒரு சோடிக் கால் மட்டும் சப்பு சப்பென்று வந்தது.

சென்றியில் மேசை போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். தகரங்களை ஒரு பால்மாப் பேணிக்குள் போடச் சொல்வான். அப்பா போட்டார். ஒன்று விழுந்தது, அடுத்தது விழுந்தது. துவாயை எடுக்கச் சொல்லி ஒவ்வொருவர் முகத்துக்கும் வெளிச்சம் பிடித்தான். நான் அந்தப் பேணியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசித் தகரத்தை அவன் கையில் வாங்கினான். வாங்கிய கையைக் காற்சட்டையில் துடைத்தான். வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தான். பிடித்தபடியே இருந்தான். என் முதுகுக்குப் பின்னால் ஈரத் துணி அவிழும் ஓசை கேட்டது. மேசைக்காரனின் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது. அவன் அதட்டவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தன் மொழியில் ஏதோ மெல்லக் கேட்டான். வெளிச்சத்தை அணைத்துவிட்டு, போ என்று கை காட்டினான்.

அவன் என்ன கண்டானோ எனக்குத் தெரியாது. அடுத்த நாள் அந்த மேசையில் வேறொருவன் இருந்தான். இடமாற்றமாகவும் இருக்கலாம், எல்லாவற்றையும் பூதத்தின் தலையில் கட்டக்கூடாது.

ஊருக்குள் திரும்பும் வளைவில் அந்தக் கால் சத்தம் நின்றது. வீட்டு வாசலில் நின்ற அம்மா அப்பாவைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் வந்தாச்சு” என்றார் அப்பா.

அம்மா, “எல்லாருமா?” என்று கேட்டு, சின்ன மாமாவின் வெறும் பாயைப் பார்த்தார். அப்பா கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போகத்திலும் அப்பா களத்தின் ஓரத்தில், அவன் நின்ற இடத்தில், ஒரு குவியல் நெல் ஒதுக்கி வைப்பார். கூட வந்தவனுக்கு என்பார். அன்றைக்குக் களத்தில் நின்றவர்களில் ஒருவர், மூத்தவர், ஒரு நாள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார்: “அக்கரையில இருந்து நீந்தி வந்து ஒளிச்ச பொடியனாத்தான் இரிக்கும், முல்லைக்காரர். சென்றியத் தாண்டி ஊருக்குள்ள வர அவனுக்கும் ஒரு தகரம் தேவைப்பட்டிரிக்கும்.” நல்ல ஞாயம். எனக்கும் பிடித்திருந்தது. “அப்ப ஏன் எருமை ஒதுங்கினது?” என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்து, “களத்துக்குள்ள வந்தவன யாரெண்டு வீட்டுல வச்சும் கேக்கப்படாது” என்றார்.

சின்ன மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். கொழும்பு, அங்கிருந்து எங்கெங்கோ, கடைசியில் பனிக்குள். அவர் இடத்தில் ஒருவன் வந்து நின்றான் என்று அம்மா எப்படியோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றையிலிருந்து அவருக்கு அவனைப் பற்றிய கவலை. தன் பேரிலே நடந்து போனவன் எங்கே படுத்தானோ என்று. அந்தக் கேள்விதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறது.

இப்போது அந்த வட்டையில் களவெட்டி கிடையாது. பெரிய வெட்டு மெசின் ஒரு பக்கத்தால் கதிரைத் தின்று மறு பக்கத்தால் நெல்லைத் துப்புகிறது. அந்த இரைச்சலில் பூதம் காது கொடுத்தாலும் ஒன்றும் கேளாது. எருமைகள் தயிர்ச் சட்டிகளில் மட்டும் தெரிகின்றன. சென்றி இருந்த இடத்தில் ஒருவர் போனுக்குக் காசு போடும் கடை வைத்திருக்கிறார். களத்து வார்த்தைகளில் நாலைந்து எனக்குத் தெரியும், நாலைந்து சின்ன மாமாவுக்குத் தெரியும். சில ஞாயிறுகளில் சண்டை பிடித்துக்கொண்டு அவற்றை ஒப்பிடுவோம்.

அல்பம் வெளிவந்த பிறகு அயலில் எல்லோருக்கும் நாக்கு அரிக்கத் தொடங்கியது. யார் அந்தக் கூட வந்தவன்? முன்வீட்டுக்காரியிடம், என் மனிசன் பொண்ணு பார்க்க வந்த நாளில் கூட வந்தவன், அவன்தான் வடிவு, அவனைக் கட்டியிருக்க வேண்டும் என்றேன். மனிசன் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மீன் கொண்டு வருகிறவனிடம், உன் தராசில் மீனோடு கூட வருகிற உன் விரலைத்தான் பாட்டாகப் படித்திருக்கிறார்கள் என்றேன். மூலை வீட்டு ஆசிரியரிடம், அது தத்துவம் என்றேன். அவர் மட்டும்தான் நம்பினார்.

பிறகு ஒரு பின்னேரம் பூமணி அக்கா வந்து வேலியோரம் நின்றார். அவருடைய மூத்த மகன் அந்த வருடங்களில் இந்தக் கரையிலிருந்து, எங்களுக்கு அப்போது அது அக்கரை, வாவிப் பக்கம் போனவன். போனான் என்பதோடு சரி. அவர் பாட்டுக் கேட்கிற ஆள் இல்லை. பேத்தியின் போனில் கேட்டிருக்கிறார். நனைந்த கை என்று தனு ஒரு வரி படிக்கிறான், அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார்.

“அந்தக் கை உண்மையா புள்ள, பொடியன் கட்டினதா?”

“உண்மைதான் அக்கா.”

“எவ்வளவு உசரம்?”

“எனக்கு அப்ப எல்லாரும் உசரம்தான்.”

“முகம்?”

“பார்க்கல்ல அக்கா. சத்தியமாப் பார்க்கல்ல.”

அவர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு பகிடியும் வாயில் வரவில்லை. யார், எங்கே என்று அவர் கேட்கவில்லை. “சாப்பிட்டவனா?” என்று கேட்டார்.

அந்த உச்சி வேளையில் என் பெருவாயன் வெறுமையாகக் கிடந்தது. ஆறு பேர் தின்று, சட்டியையும் வழித்துவிட்டுப் போயிருந்தார்கள். கொடுக்க ஒரு பருக்கை இல்லை, கொடுக்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

“சாப்பிட்டவன் அக்கா” என்றேன். “என்ட கையாலதான் போட்டன். மீன் ஆணமும் ஊத்தினன். இன்னும் கொஞ்சம் எண்டு கேட்டான். இருந்தது எல்லாத்தையும் அவனுக்கே போட்டுட்டன்.”